மோட்டார் நின்றால் கிணற்றைத் தூர்ப்பதா?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பது நம் நாட்டுப் பழமொழி. "பேரை அன்று, வேரை" என்று திருத்திச் சொல்வாரும் உண்டு. வேரோ, பேரோ, வைத்தியனுக்கு ஆயிரமாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது அதில் அடங்கிய கருத்து. ஆனால் இன்றைய கணிப்பொறி வைத்தியர்கள் பலருக்கு ஒரே ஒரு மருந்துதான் கைவசம் உள்ளது. தலைவலிக்கும் அதுவே, கால்வலிக்கும் அதுவே. அந்த மருந்தின் பெயர் 'பார்மட்'. உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டுப் புதிதாக எழுதுவது!

பார்மட்டே கூடாது என்று வாதாட நான் வரவில்லை. ஒரு குறிப்பிட்ட நோய்க்கு அது மருந்தாகாது என்று சொல்லவே இக்கட்டுரை. ஒரே கணிப்பொறியில் விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருப்போருக்கு என்றேனும் ஒரு நாள் வந்து சேரும் நோய் அது. கணிப்பொறியைத் திறந்ததும் "எந்த வீட்டுக்குள் போகிறாய்?" என்று கேட்கும் பட்டியல், அதாவது பூட் மெனு, திடீரென்று காணாமற் போய்விடும். இரண்டு வாசல் உள்ள வீட்டில் ஒரு வாசல் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். மற்றொன்று எங்கே போயிற்று? அதற்குள் வைத்த பொருள்கள் என்னவாயின? நண்பர்களே, அந்த நிமிடத்தில் நெஞ்சு படும் பாட்டை அனுபவித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எனக்கு நேர்ந்தது

என் மடிக்கணினி எட்டு ஆண்டுப் பழையது; கைமாறி என்னிடம் வந்தது. அதில் விண்டோஸ் ஒரு பக்கம், உபுண்டு லினக்ஸ் ஒரு பக்கம். லினக்ஸ் பக்கத்தில் முதலாண்டுச் செய்முறைப் பாட அளவீடுகள் இருந்தன. அவற்றைவிட மேலாக என் அப்பத்தா பாடிய முப்பத்தேழு பாட்டுகள் இருந்தன. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று அவர் பாடப் பாடக் கைப்பேசியில் பதிவு செய்து, இடம் போதாமல் மடிக்கணினிக்கு மாற்றி வைத்திருந்தேன். சென்ற சித்திரையில் அப்பத்தா காலமாகிவிட்டார். அந்தக் குரல் வேறு எங்கும் இல்லை.

இரண்டு இயங்குதளம் வைத்திருப்போர் அனைவரும் அறிந்த ஒரு தொல்லை, கடிகாரம். கணிப்பொறியின் உள்கடிகாரம் காட்டுவதை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதையே உலகப் பொது நேரம் என்று கருதும். ஆகவே நம் நாட்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதெல்லாம் ஐந்தரை மணி நேரம் முன்னும் பின்னும் போகும். இதைச் சரிசெய்கிறேன் என்று கணிப்பொறியின் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்தேன். தெரியாத ஒன்றைத் தெரிந்தவன் போல அழுத்தினேன். எல்லா அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பின. மறுபடி திறந்தபோது மெனு இல்லை. நேரே விண்டோஸ் வந்து நின்றது. லினக்ஸ் பாகத்தை விண்டோஸ் இயல்பாகப் படிக்காது. ஆதலால் அங்கே தேடியும் பாட்டுகள் கிடைக்கவில்லை. தவறு என்னுடையது; வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

பதறிக்கொண்டு ஒரு கடைக்கு ஓடினேன். "பார்மட் அடிச்சாத்தான் தம்பி சரியாகும். ஐந்நூறு ரூபாய் ஆகும். சாயங்காலம் வந்து வாங்கிக்க" என்றார் கடைக்காரர். கையில் ஐந்நூறு இல்லை. அந்த வறுமைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்! இருந்திருந்தால் அன்றே அப்பத்தாவின் குரல் போயிருக்கும்.

இரவு வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் கணிப்பொறியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கிணற்று மோட்டாரைப் பற்றி எல்லாம் தெரியும். "பார்மட்டுன்னா என்னடா?" என்றார். விளக்கினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மோட்டார் நின்னுபோச்சுன்னு கிணத்தைத் தூத்துட்டுப் புதுசா வெட்டுவாங்களாடா?" என்று கேட்டார். நான் படித்த பாடப் புத்தகங்கள் எவற்றிலும் இத்தனை தெளிவான கேள்வியைக் கண்டதில்லை.

தண்ணீர் எடுக்கத் தண்ணீர்

அப்பாவின் உவமையை விடாமல் பிடித்துக்கொண்டு மேலே செல்கிறேன். கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தாலும் சில நாள்களில் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. அடியிலுள்ள புட்வால்வு கசிந்து, குழாயில் நின்ற தண்ணீர் இறங்கியிருக்கும். பம்புக்குள் காற்று நிறைந்திருக்கும்போது அதனால் போதிய உறிஞ்சு விசையை உண்டாக்க முடியாது. ஒரு குடம் தண்ணீரை மேலிருந்து ஊற்றிக் காற்றை வெளியேற்றினால் பிறகு ஆயிரம் குடம் தானே வரும். தண்ணீர் எடுக்கவும் முதலில் தண்ணீர் வேண்டும்!

கணிப்பொறியின் நிலையும் இதுவே. மின்சாரம் வந்த கணத்தில் அதன் நினைவகம் வெறுமையாக இருக்கும். இயங்குதளம் வட்டில் உறங்குகிறது. அதை எடுத்து நினைவகத்தில் வைக்க ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை எடுத்து வைப்பது யார்? அதற்கும் ஒரு நிரல் வேண்டுமே! தன் காலணி வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது போன்ற இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'பூட்ஸ்டிராப்' என்றனர்; அதுவே சுருங்கி 'பூட்' ஆயிற்று. நம் ஊரில் இதற்குப் பெயர் வைத்திருந்தால் 'முதற்குடம்' என்று வைத்திருப்போம் என்று தோன்றுகிறது.

அந்த முதற்குடம் எவ்வளவு சிறியது தெரியுமா? 1983இல் ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. கணிப்பொறியும் டாஸ் 2.0 இயங்குதளமும் வந்தபோது, வட்டைப் பாகங்களாகப் பிரிக்கும் முறையும் வந்தது. அம்முறையில் வட்டின் முதல் 512 பைட் மட்டுமே தொடக்கத்துக்கு உரிய இடம். அதில் 446 பைட் தொடக்க நிரல். 64 பைட் பாகங்களின் அட்டவணை, அதாவது நான்கு பாகங்களுக்குத் தலா 16 பைட். எஞ்சிய 2 பைட் முத்திரை. லினக்ஸ் உள்ள வட்டில் பின்னர் விண்டோஸை நிறுவினால், அது இந்த 446 பைட்டில் தன் நிரலை எழுதிக்கொள்ளும். மெனு மறையும், லினக்ஸ் இருந்த பாகம் இருந்தபடியே இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 ஜி.பி. வட்டில் 446 பைட் என்பது ஏறத்தாழ 112 கோடியில் ஒரு பங்கு. ஒரு பங்கு கெட்டதற்கு 112 கோடிப் பங்கையும் அழிப்பதை வைத்தியம் என்று ஒப்புவோமா?

இன்றைய கணிப்பொறிகளில் பெரும்பாலானவை யு.இ.எப்.ஐ. என்னும் புதிய முறையில் இயங்குகின்றன. அதற்கான பொது அமைப்பு 2005இல் உருவாயிற்று. இம்முறையில் தொடக்க நிரல்கள் வட்டிலுள்ள ஒரு சிறு பாகத்தில் சாதாரணக் கோப்புகளாக இருக்கும். எந்தக் கோப்பை முதலில் அழைப்பது என்னும் வரிசை, தாய்ப்பலகையிலுள்ள சில்லில் எழுதப்பட்டிருக்கும். நான் அழித்தது அந்த வரிசையைத்தான். வட்டின் ஒரு பைட்டைக்கூட நான் தொடவில்லை!

லினக்ஸ் பக்கத்தில் மெனுவைக் காட்டும் நிரலுக்குக் 'கிரப்' என்று பெயர். 1995இல் எரிக் போலின் என்பவர் இதை எழுதத் தொடங்கினார். 'கிராண்ட் யூனிபைடு பூட்லோடர்' என்பதன் சுருக்கம் அது. இயற்கையின் விசைகளை ஒன்றிணைக்க முயலும் 'கிராண்ட் யூனிபைடு தியரி'யைக் கேலியாக நினைவூட்டும் பெயர் என்பதை இயற்பியல் மாணவர்கள் உடனே உணர்ந்து சிரிப்பார்கள்.

நோய் எது, இடம் எது?

மறுநாள் கணிப்பொறி அறிவியல் துறையின் மூன்றாமாண்டு அண்ணன் ஒருவரிடம் போனேன். தம் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். வட்டில் நிறுவாமலே இயங்கக்கூடிய லினக்ஸ் அதில் இருந்தது. அதன் வழியே கணிப்பொறியைத் திறக்கச் சொன்னார். லினக்ஸ் பாகத்தைத் திறந்தேன். முப்பத்தேழு பாட்டுகளும் அப்படியே இருந்தன. கண் கலங்கிவிட்டது. "மொதல்ல பாட்டை வெளிய எடு தம்பி. அப்புறம் கதவைப் பாப்போம்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை எல்லாக் கணிப்பொறிக் கூடங்களின் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

பிறகு கதவைப் பார்த்தோம். லினக்ஸ் இருக்கும் பாகம் எது, தொடக்கக் கோப்புகளின் சிறு பாகம் எது என்று கண்டறிந்தோம். இரண்டையும் இணைத்து, பென் டிரைவிலிருந்தபடியே பழைய லினக்ஸுக்குள் நுழைந்தோம். 'கிரப்-இன்ஸ்டால்' என்ற கட்டளை கிரப்பை மறுபடி பதித்து, அதன் பெயரை வரிசையில் எழுதியது. 'அப்டேட்-கிரப்' என்ற கட்டளை மெனுவைப் புதிதாக ஆக்கியது. அண்ணன் விசைப்பலகையைத் தொடவே இல்லை. ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும் என்று சொல்லி, என்னையே தட்டச்சிட வைத்தார். மறுபடி திறந்தபோது மெனு வந்தது. எல்லாம் இருபது நிமிடத்துக்குள் முடிந்தது.

அதன் பிறகு விடுதியில் நான்கைந்து கணிப்பொறிகளைப் பார்த்துவிட்டேன். நான் கற்றது இதுதான்: மெனு காணவில்லை என்ற ஒரே புகாருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

நேரே விண்டோஸ் வருகிறதா? திறக்கும்போதே எப் 12, எப் 9, எஸ்கேப் என அந்தந்தத் தயாரிப்புக்கு உரிய விசையை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் லினக்ஸின் பெயர் இருந்தால் வரிசையை மாற்றினாலே போதும். ஒரு நண்பரின் கணிப்பொறியில் வேலை இரண்டே நிமிடம்! பெயரே இல்லை என்றால்தான் பென் டிரைவ் வைத்தியம்.

மெனு வந்து, அதில் விண்டோஸின் பெயர் மட்டும் இல்லையா? 2021இல் வெளிவந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி பாதுகாப்புக் கருதி இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தி அவ்வசதியை இயக்கினால், விண்டோஸ் பட்டியலுக்குத் திரும்பிவிடும். 'கிரப் ரெஸ்க்யூ' என்று கறுப்புத் திரையில் நிற்கிறதா? பாகங்களை அழித்ததாலோ மாற்றியதாலோ, கிரப்பின் முதற்பகுதி தன் மற்றப் பகுதிகளைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது என்று பெரும்பாலும் பொருள். அவை எங்கே உள்ளன என்று நாம் சொல்லிக் கொடுத்தால் எழுந்து நடக்கும்.

சில சமயம் நம் கை படாமலேயும் வாசல் அடைபடும். 2024 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட பாதுகாப்புப் புதுப்பித்தலுக்குப் பிறகு, இரண்டு இயங்குதளம் உள்ள கணிப்பொறிகள் சிலவற்றில் லினக்ஸ் திறக்க மறுத்தது. அந்நிறுவனமே இதை ஒப்புக்கொண்டு வழி சொன்னது. 2025 மே மாதப் புதுப்பித்தலில் குறை தீர்க்கப்பட்டது. செக்யூர் பூட் என்னும் காவலைச் சிறிது நேரம் நிறுத்தி, உள்ளே சென்று தடைப் பட்டியலை நீக்கி, மறுபடி காவலை இட்டவர்கள் ஒன்றையும் இழக்கவில்லை.

எச்சரிக்கையும் வேண்டும். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், அடிப்படை அமைப்பைத் தொடுமுன் அதன் 48 இலக்கத் திறவெண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வட்டிலிருந்து 'டக் டக்' என்ற ஒலி வந்தால் அது வட்டுக்கே வந்த நோய். உடனே நிறுத்திவிட வேண்டும். பொருள் புரியாத கட்டளையை ஒருபோதும் தட்டச்சிடக் கூடாது.

மறுப்பும் விடையும்

"ஒன்று போதாதா? இரண்டு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. இரட்டை வாசல் நம் மாநிலத்துக்குப் புதிதன்று. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வழங்கப்பட்டவற்றில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணிப்பொறிகளை வைத்திருக்கும் நம்மைப் போன்றோர் பலர் இனி லினக்ஸைச் சேர்த்துக்கொள்ளப் போகிறோம். வாசல் இரண்டானால் பூட்டுச் சிக்கலும் கூடத்தான் செய்யும்.

"கடைக்காரர்கள் பிழைக்க வேண்டாமா?" என்பது இரண்டாவது கேள்வி. அவர்களை நான் குற்றம் கூறவில்லை. பார்மட்டுக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு உண்டு; முடிவும் உறுதி. நோயைத் தேடுவதற்குக் கணக்கு இல்லை. அதற்குக் கூலி கொடுக்கவும் நமக்கு மனமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் என்னைக் கேட்கவில்லை என்பது உண்மை. நானும் சொல்லவில்லை என்பதும் உண்மையே.

"மாணவர்கள் கை வைத்தால் இருப்பதும் கெட்டுப்போகும்" என்பது மூன்றாவது, இதுவே பெரிது. ஏனெனில் இதைப் பிறர் சொல்வதற்கு முன் நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான்தான் முதல் ஆள். வீட்டுக்கு வந்த முதல் கணிப்பொறியும் இதுதான். கெட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை. ஆகவே "தொடாதே" என்பது எங்களைப் போன்றோர் வீட்டில் அன்பினால் பிறக்கும் கட்டளை. ஆனால் அந்த அச்சத்தின் விலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வசதி உள்ளவன் தொட்டுக் கெடுத்துக் கற்றுக்கொள்கிறான். வசதி இல்லாதவன் தொடாமலே கடைக்குக் கொண்டுபோய்க் காசையும் இழக்கிறான், கோப்பையும் இழக்கிறான். இன்னொன்று வாங்க முடியாதவனுக்குத்தான் பழுது பார்க்கும் கல்வி முதலில் வேண்டும். என் தந்தை பம்பைக் கழற்றிப் பூட்டக் கற்றது பொழுதுபோக்குக்காகவா? மெக்கானிக்குக்குக் கொடுக்கக் காசில்லாததால்தானே!

வேண்டுவது என்ன?

ஆசிரியப் பெருமக்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு துறைக் கணிப்பொறிக் கூடத்திலும் நிறுவாமலே இயங்கும் லினக்ஸ் அடங்கிய பென் டிரைவ் ஒன்று இருக்கட்டும். சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் செலவுதான். பருவத்துக்கு ஒரு நாள், ஒதுக்கித் தள்ளிய பழைய கணிப்பொறி ஒன்றை எங்களிடம் தாருங்கள். அதில் மெனுவை வேண்டுமென்றே கெடுப்போம்; நாங்களே மீட்போம். மின்சுற்றில் எங்கே இணைப்பு விட்டுப்போனது என்று மல்டிமீட்டர் வைத்துத் தேடக் கற்றுக்கொடுக்கும் நீங்கள், இதையும் கற்றுக்கொடுக்கலாம் அல்லவா? இரண்டும் ஒரே பாடந்தானே? மேலே சொன்ன அடையாளங்களையும் தீர்வுகளையும் நல்ல தமிழில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டும் பொறுப்பை நானே ஏற்கிறேன்.

மாணவத் தோழர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்களுக்கு அருமையானது எதுவோ, அதை இன்றே இன்னோர் இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். கதவு அடைபட்ட பிறகு வரும் ஞானம் காலம் கடந்ததாகவும் இருக்கலாம். யாரேனும் "பார்மட் அடிக்க வேண்டும்" என்றால், "ஏன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விடை திருப்தியாக இருந்தால் அடியுங்கள். இல்லாவிட்டால் எங்கள் வகுப்புக்கு வாருங்கள். பென் டிரைவ் என் பையில் இருக்கிறது.

அப்பத்தாவின் பாட்டுகள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. சென்ற வாரம் வீட்டில் ஒரு நடவுப் பாட்டைப் போட்டேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும், "அந்தப் பெட்டி இப்ப நல்லா ஓடுதாடா?" என்றார். "ஓடுதுப்பா" என்றேன். "யாரு சரி பண்ணா?" என்றார்.

"நான்தாம்பா" என்றேன்.

இந்தச் சொல்லை நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நாள் தம் வீட்டுத் திண்ணையில் சொல்ல வேண்டும். அதுவே என் அவா.